பதினான்காவது கேள்வி

வேலை விண்ணப்பத்தில் பதினான்காவது கேள்விக்கு வந்ததும் அக்கா என் கையிலிருந்த பேனாவைப் பிடுங்கிக்கொண்டாள். ‘குற்ற வழக்கில் தண்டனை பெற்றதுண்டா?’

“இல்லைன்னு போடுடி. இருபது வருஷம் ஆச்சு. எவன் தோண்டிப் பாக்கப் போறான்?”

“போன தடவையும் இதையேதான் சொன்னே.”

போன தடவை ‘இல்லை’ போட்டுத்தான் பிஸ்கட் கம்பெனியில் சேர்ந்தேன். ஆறு வருஷம், ஆபீஸிலிருந்து கூப்பிட்டாலே மாட்டிக்கொண்டேன் என்று நினைத்துக்கொண்டுதான் போவேன். கடைசியில் யாரோ போட்டுக் கொடுத்தார்கள். பழைய வழக்குக்காக இல்லை, பொய் சொன்னதற்காகத்தான் அனுப்புகிறோம் என்றார் மேனேஜர். உண்மையைச் சொல்லியிருந்தால் வாசலைத் தாண்ட விட்டிருப்பீர்களா என்று கேட்காமல் வந்துவிட்டேன். அந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. அஞ்சு மாதமாக அக்கா வீட்டுச் சோறு வேறு.

பேனாவை வாங்கி ‘ஆம்’ என்பதில் அழுத்தி டிக் போட்டேன்.

ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் கருவிகளைக் கழுவி, எண்ணி, தட்டில் அடுக்கும் வேலை. இன்டர்வியூவுக்குப் போனபோது பொறுப்பாளர் அம்மா ஒரு தட்டையும் பட்டியலையும் தந்து சரிபார்க்கச் சொன்னார். முப்பத்திரண்டு இருக்க வேண்டும், முப்பத்தொன்றுதான் இருந்தது. வளைந்த இடுக்கி ஒன்றைக் காணோம். இன்னொரு முறை எண்ணிவிட்டு, ‘ஒன்று குறைவு’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

“வேணும்னேதான் ஒண்ணை எடுத்து வச்சேன். காலையில வந்த ஏழு பேர்ல அஞ்சு பேர் எல்லாம் சரின்னு எழுதிட்டுப் போயிட்டாங்க” என்று சிரித்தார். வேலை கிடைத்துவிட்டது என்றே நினைத்தேன். அப்புறம்தான் விண்ணப்பத்தைப் புரட்டினார்.

“என்னம்மா இது?”

“பத்தொம்பது வயசுல மேடம், தையல் கம்பெனில. கூட வேலை பாத்தவ மயங்கி விழுந்துட்டா. வெளிக்கதவைப் பூட்டி வச்சிருந்தாங்க. ஷிப்ட் முடியாம சாவி தர முடியாதுன்னாரு சூப்பர்வைசர். ஸ்டூலைத் தூக்கி அவர் ரூம் கண்ணாடியை உடைச்சேன். அவர் கையில நாலு தையல். எனக்குக் கோர்ட்ல அபராதம்.”

“வருத்தப்படுறேன்னு ஒரு வரி எழுதியிருக்கலாமே?”

“அவர் கைக்கு வருத்தம்தான் மேடம். கண்ணாடிக்கு இல்ல.”

அந்த அம்மா எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார். அந்தப் பக்கத்தை மட்டும் உருவி எடுத்து, அதற்குப் பதிலாக நிரப்பாத அதே பக்கம் ஒன்றை என் முன்னால் வைத்தார்.

“உங்க நல்லதுக்குச் சொல்றேன். மேல இருக்கிறவங்க இதைப் பாத்தா படிக்காமலே ஓரமா வச்சிருவாங்க. இல்லைன்னு போட்டுக் குடுங்க. நான் எதையும் பாக்கல.”

நல்ல மனுஷி. கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது. இந்த வேலை எனக்கு வேண்டும். அந்தத் தட்டைத் தொட்டபோதே கைக்குப் பிடித்துப்போயிருந்தது. ஒரு டிக், அவ்வளவுதான். பேனா முனை ‘இல்லை’ பக்கம் போய் நின்றது. மறுபடியும் ஆபீஸிலிருந்து கூப்பிடும்போதெல்லாம் பயந்துகொண்டு போக வேண்டும்.

“இங்க ஒண்ணு குறைஞ்சா குறைஞ்சதுன்னு எழுதணும். எனக்கு மட்டும் வேற சட்டமா மேடம்?”

‘ஆம்’ என்பதில் டிக் போட்டேன். விவரத்துக்கு விட்டிருந்த ஒற்றை வரி ‘தையல் கம்பெனி’யோடு தீர்ந்துபோனது. தாளைத் திருப்பிப் பின்பக்கத்தில் தொடர்ந்தேன். பூட்டை எழுதினேன், சாவியை எழுதினேன், தரையில் கிடந்தவளை எழுதினேன்.

வெளியே அடுத்த ஆள் கதவைத் தட்டினார்.

“இருங்க” என்று குரல் கொடுத்துவிட்டு, மேஜைக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து நான் எழுத எழுதத் தலைகீழாகவே படித்துக்கொண்டிருந்தார் அந்த அம்மா.