தபால்தலையில் கோரின்

ஹெப்சி, புயலில் சிக்கிய படகுகளைத் தன் மடியில் அள்ளி வந்து கரைசேர்த்ததாகக் கதைகள் சொல்லும் ராட்சசி. அமெரிக்காவின் மெய்ன் மாநிலக் கடற்கரையில் ஒரு சின்ன ஊரைத் தாண்டினால் அவளை யாருக்கும் தெரியாது. ஊர்த் திருவிழாவில் இருபத்திரண்டு வருடம் பொய்க்கால் கட்டி ஹெப்சியாக நடந்தவள், அவ்வூர்க்காரர் வெண்டலின் மனைவி கோரின். அவள் இறந்து இரண்டு வருடம் ஆகிறது.

நாட்டுப்புறக் கதை மாந்தர் வரிசையில் ஹெப்சிக்கும் தபால்தலை வந்தது. தபால் நிலைய ஊழியை பெர்னிஸ் அந்தத் தபால்தலைகள் அச்சான தாள் ஒன்றை வெண்டலின் முன்னால் நகர்த்தினாள். லேசாக வளைந்த மூக்கு. இடக் கன்னத்தில் மட்டும் குழி விழும் சிரிப்பு. என்றோ ஊர்வலத்தைப் பார்க்க வந்த ஓவியர் கோரினையே வரைந்திருந்தார்.

"எத்தனை தாள் இருக்கு?"

"பன்னெண்டு."

"எல்லாத்தையும் குடு."

"பூட்டி வைக்கவா? ஒட்டறதுக்குத்தானே தபால்தலை?"

"ஒட்டினா அவ மூஞ்சியில கறுப்பா முத்திரை குத்துவியே!"

பெர்னிஸ் அவரோடு பள்ளிக்கூடத்தில் படித்தவள். விடவில்லை.

"எங்க குத்தறதுங்கறது என் கையில இருக்கு. நாடீனுக்கு ஒரு கடுதாசி எழுது."

நாடீன் கோரினின் தங்கை, நாட்டின் மறுகோடியில் ஒரிகனில் இருப்பவள். பனிப்புயலில் அவளுடைய விமானம் தாமதமானபோது, வெண்டல் காத்திராமல் கோரினின் அடக்கத்தை முடித்துவிட்டார். அதன்பின் இருவருக்கும் பேச்சில்லை.

அன்று மதியம் மூன்று முறை எழுதிக் கிழித்தார். நான்காவதில் நாலு வரி நின்றது. பெர்னிஸ் மூச்சைப் பிடித்துக்கொண்டு, தபால்தலையின் ஓரத்தில் வரைந்திருந்த அலைகள்மேல் மட்டும் படும்படி முத்திரை குத்தினாள்.

ஒரு வாரம் கழித்துத் தொலைபேசி அடித்தது.

"வெண்டல், கவர்ல இருக்கறது எங்கக்கா மூக்குதானே?" நாடீன் சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே அழுகையாகிவிட்டது.

"கடுதாசிய படிச்சியா?"

"இல்ல. அக்கா மூஞ்சி கிழிஞ்சிடுமோன்னு கவரைப் பிரிக்க மனசு வரல. என்ன எழுதியிருக்கீங்க? நீங்களே சொல்லுங்க."

தாளில் எழுதுவதே பெரும்பாடாக இருந்தது. வாயால் சொல்வது அதைவிடக் கஷ்டம். வெண்டல் சமையலறை நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார்.

"நான் காத்திருந்திருக்கணும், நாடீன்."

"ஆமா. காத்திருந்திருக்கணும்."

வெண்டல் போனை வைக்கவில்லை. அவளும் வைக்கவில்லை.

"அங்க மணி ஒண்ணு ஆயிருக்குமே," என்றாள் நாடீன் கடைசியில். "சாப்டீங்களா?"