டாங்கியின் வலது பக்கம்

நகம் தட்டவில்லை. தயானி ஆட்காட்டி விரல் நகத்தை இன்னொரு முறை பைக்கின் பெட்ரோல் டாங்கியின் வலது பக்கத்தில் மேலிருந்து கீழாக இழுத்துப் பார்த்தாள். வழுக்கிக்கொண்டு போனது. போன மாதம் இதே இடத்தில் நகம் விழுந்து நின்றது.

"நகம் தட்டினா கீறல் ஆழமெண்டு அர்த்தம் தங்கச்சி. பொலிஷ் போட்டு ஏமாத்த ஏலாது, பெயின்ட் வைக்கணும்" என்று சொன்னவர் கொஸ்லந்தையில் வண்டிகளுக்குப் பெயின்ட் அடிக்கும் றுஷ்தி நானா. பைக்கின் சிவப்போடு ஒத்துப்போகும் சிவப்பைக் கலந்து ஒரு சின்னப் போத்தலில் ஊற்றிக் கொடுத்ததும் அவர்தான். ரவிக்கைக் கழுத்துக்கு ஊசி பிடிக்கிற விரல்களால், தீக்குச்சி முனையில் தொட்டுத் தொட்டுக் கீறலுக்குள் மட்டும் வைத்தாள். காயவிட்டு மறுபடி வைத்தாள். மேலே கண்ணாடி போன்ற வார்னிஷ். அதைப் பல நாள் தொடாமல் விட்டு, சோப்புத் தண்ணீரில் நனைத்த மெல்லிய உப்புத்தாளால் மேடு தட்டாதபடி தேய்த்தாள். இன்று காலை பொலிஷ். வளைந்துபோன பிரேக் கம்பியும் உடைந்த கண்ணாடியும் ஏற்கெனவே புதிது போட்டாயிற்று.

அலைபேசி அடித்தது. ரஜீவ்.

"ஹல்துமுல்ல தாண்டியாச்சு. பைக்க வெளிய எடுத்து வை."

குவைத்தில் இரண்டு வருசம் கிடந்துவிட்டு வருகிற புருசன் வாசலில் முதலில் பார்க்க விரும்பியது அதைத்தான். தினமும் வீடியோவில் வந்ததும் "பைக்கக் காட்டு" என்பான். மகளைக் காட்டுவது அதற்குப் பிறகு. தயானி போன மாதத்திலிருந்து இடது பக்கத்தையே காட்டி வந்தாள். புத்திமதிக்கும் குறைவில்லை. தூசியோடு காய்ந்த துணியால் துடைக்காதே, மண் கோடு போடும், முதலில் தண்ணீர் ஊற்று. சாக்கால் மூடாதே, காற்றில் ஆடி ஆடித் தேய்த்துவிடும், பழைய பெட்சீட்டைப் போர்த்து. பெண்டாட்டியை ஒரு ஸ்வெட்டர் போட்டுக்கொள்ளச் சொல்லத் தோன்றாதவனுக்குப் பைக்குக்குக் குளிரும் என்று தோன்றியது. மற்றபடி அவனைக் கெட்டவன் என்று சொன்னால் நாக்கு அழுகிப்போகும். உழைப்பாளி. குடி கிடையாது.

"கிழமைக்கு ஒருக்கா ஸ்டார்ட் மட்டும் பண்ணி வை. நகத்தாத" என்று சொல்லிவிட்டுத்தான் போயிருந்தான். அவளும் அப்படித்தான் செய்தாள், மகளுக்கு மூச்சு இழுத்த அந்த மழை நாள்வரை. மண்மேடு சரிந்து கிடந்தது. எந்த ஆட்டோவும் மேலே வர மாட்டேன் என்றுவிட்டது. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு மலை இறங்கி ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். வாசலில் பைக் பெட்சீட் போர்த்திச் சுகமாக நின்றது. பிள்ளை தேறியதும் அவள் செய்த முதல் வேலை, பக்கத்து வீட்டு விஜயலெட்சுமியைக் கூட்டிக்கொண்டு, பைக்கை மைதானத்துக்குத் தள்ளிக்கொண்டு போனதுதான். விஜயலெட்சுமி பின்னால் பிடித்துக்கொண்டு ஓடினாள். தயானி பதுளைக்குப் போய் லைசன்சும் எடுத்துவிட்டாள். மகளைப் பாலர் பாடசாலையில் இறக்கிவிட்டு, டவுனில் தையல் கடைக்குப் போய்வந்தது எல்லாம் பைக்கில்தான்.

சொல்லிவிடலாம் என்று வாயெடுத்த போதெல்லாம் "யாரும் தொடலயே?" என்று அவன் முந்திக்கொள்வான். "இல்லங்க" என்று வந்துவிடும். ஒரு பொய்யைச் சொல்லிவிட்டால் அதற்குத் துணைக்கு இன்னொன்றைப் பெற வேண்டியிருக்கிறது. வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீடுகளின் சுவருக்குக் காது மட்டுமல்ல, வாயும் உண்டு. ஆனாலும் அவள் கெஞ்சிக் கேட்டுக்கொண்டதால் அந்த வாய் மூடியே கிடந்தது. போன மாதம் திருப்பத்தில் காட்டுப்பன்றி குறுக்கே வந்தது. அப்படி வந்ததுதான் அந்தக் கீறல்.

வேன் வந்து நின்றது. ரஜீவ் இறங்கி மகளைத் தூக்கிக் கொஞ்சினான். தயானியைப் பார்த்துச் சிரித்தான். அப்புறம் பைக்கிடம் போனான். இடது பக்கம். முன்னால். பிறகு வலது பக்கம். உள்ளங்கையால் டாங்கியைத் தடவினான். கை அந்த இடத்தைக் கடந்து போனது. திரும்பி வந்தது. மறுபடி கடந்து போனது.

"பரவால்ல. கண்ணு மாதிரி வச்சிருக்க."

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவன் ஏறி உட்கார்ந்து சாவியைப் போட்டான். மீட்டரில் வெளிச்சம் வந்தது. அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் பையிலிருந்து அலைபேசியை எடுத்து ஒரு படத்தைத் தேடி, மீட்டரையும் அதையும் மாறி மாறிப் பார்த்தான். புறப்பட்டுப் போன அன்று எடுத்த படம். பெயின்டைப் பற்றியே கவலைப்பட்டுக் கிடந்தவளுக்கு மீட்டர் என்ற ஒன்று இருப்பதே நினைவுக்கு வரவில்லை.

"தயானி, இங்க வா." குரல் தாழ்ந்திருந்தது. "யாழ்ப்பாணத்துக்குப் பல தடவ போய் வந்த தூரம் ஓடியிருக்கு. வண்டிய யாரு ஓட்டுறா?"

அவள் எட்டி மீட்டரைப் பார்த்தாள்.

"கேக்குறேன்ல. எவன் அவன்?"

கீறலுக்கு என்ன பதில் சொல்வதென்று பல நாளாக ஒத்திகை பார்த்து வைத்திருந்தாள். அவன் கேட்டதோ ஆளை. முதலில் காது சுட்டது. பிறகு கோபம் வந்தது.

"எவனும் இல்ல. நான்தான் ஓட்டுனேன்."

அவன் சிரித்தான். கேட்கவே பிடிக்காத சிரிப்பு. "நீயா? இந்த வண்டியவா?"

"ஆமாங்க. விழுந்தும் இருக்கேன். இந்தா, இந்த எடத்துலதான் கீறுச்சு."

அவன் இறங்கிக் குனிந்து பார்த்தான். தலையைச் சாய்த்து வெயில் படும்படி பார்த்தான். நகத்தை இழுத்துப் பார்த்தான்.

"எங்க கீறல்? எவனையோ காப்பாத்த, இல்லாத கீறலக் காட்டுற."

அவள் கை வேலையே அவளுக்கு எதிராகச் சாட்சி சொன்னது. இவ்வளவு நன்றாகச் செய்து தொலைத்திருக்க வேண்டாம் என்று அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

"சாவியக் குடுங்க" என்று கையை நீட்டினாள்.

ஒவ்வொரு வாசலாக ஆட்கள் வந்து நின்றார்கள். எல்லோர் முன்னாலும் இவள் அவமானப்படட்டும் என்று நினைத்தானோ என்னவோ, அவன் சாவியை உருவி அவள் கையில் வைத்தான். தயானி அவனுக்காகக் கட்டிய புதுச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டாள். ஏறினாள். ஸ்டாண்டைத் தட்டினாள். ஒரு பக்கம் லயத்துப் படிகள், மறுபக்கம் சாக்கடைக் கான். நடுவில் ஆள் நடக்கிற அகலம்தான் பாதை. பைக் சீராக நகர்ந்தது.

தன் வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த விஜயலெட்சுமி தலையைக் கூட நிமிர்த்தவில்லை.

"டவுனுக்கா தயானி? வர்றப்ப தலவலிக்கு ஒரு கார்ட் பனடோல் வாங்கிட்டு வா."

சொன்ன பிறகுதான் முறத்தை வைத்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். ரஜீவ் விஜயலெட்சுமியைப் பார்த்தான், மற்ற வாசல்களைப் பார்த்தான். எந்த முகத்திலும் ஆச்சரியம் இல்லை. இந்த லயத்தில் இதைத் தெரியாத ஆள் அவன் ஒருவன்தான்.

தயானி குழாயடியில் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்து அவன் முன்னால் நிறுத்தினாள். அவன் டாங்கியின் வலது பக்கத்தைப் பார்த்தபடி நின்றான்.

"விழுந்தப்போ... ஒனக்கு எங்க அடிபட்டுச்சு?"

"முட்டி கிழிஞ்சிச்சு. அது அப்பவே சரியாப் போச்சு" என்றாள். "இப்ப எவன்னு கேட்டீங்களே, அதுதான் வலிக்குது."

அவனுக்கு முகம் கறுத்துவிட்டது. என்ன செய்வதென்று தெரியாமல், பழக்கத்தில் சாவிக்காகக் கையை நீட்டினான்.

தயானி வண்டியை அணைத்துச் சாவியை எடுத்தாள். முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"காலையில கடைக்குப் போகணும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.