முதலிடத்துக்கு மண் மைதானம்

1

இந்தக் கதை எனக்குத் தேத்தண்ணி ஊற்றும்போது கிடைத்தது. கத்தோலிக்கக் கோயில் மண்டபத்தில் எங்கள் விளையாட்டுக் குழுவின் கூட்டம். மேசையைச் சுற்றி நான்கு ஆண்கள், கேத்தலோடு நான். எனக்கு வாக்கு இல்லை. வாய் இருந்தது, அதையும் அன்று பாவிக்கவில்லை. ஆகவே கதை பிறந்த விதத்தைப் பெருமையாகச் சொல்ல எனக்கு வழியில்லை. பாவசங்கீர்த்தனம் செய்கிற குரலில்தான் சொல்ல முடியும்.

முதல் வரியை மூன்று தரம் எழுதினேன்.

"1995ஆம் ஆண்டு மார்கழியில் பலெர்மோ நகரம் மழையில் நனைந்து—" மழை பெய்ததா என்று நினைவில்லை. விட்டுவிட்டேன்.

"ஏர்னஸ்ற் நல்ல மனிதன்." இது உண்மை. ஆனால் இதை முதலில் சொல்லிவிட்டால், பிறகு அவன் செய்ததை நீங்கள் சுலபமாக மன்னித்துவிடுவீர்கள்.

"அமெரிக்காவில் கல்லூரி அணிகளுக்கு—" ஓம், இங்கிருந்துதான்.

2

ஏர்னஸ்ற் மன்னாரைச் சேர்ந்தவன். லீலண்ட் என்ற அமெரிக்கரின் வீட்டில் சமையலும் துப்புரவும் அவன் வேலை. லீலண்ட் ஒரு கல்லூரியில் சரித்திரம் படிப்பித்து ஓய்வுபெற்று, இறந்துபோன மனைவியின் ஊரான, இத்தாலியின் பலெர்மோவிலேயே தங்கிவிட்டவர். ஏர்னஸ்ற் ஸ்திரிக்கைப் பெட்டியால் சட்டை அழுத்தும்போது பக்கத்தில் கதிரை போட்டுப் பேசிக்கொண்டிருப்பார். அப்படி ஒருநாள் தன் நாட்டுக் கல்லூரிகளின் ஃபுட்போலைப் பற்றிச் சொன்னார். பெயர்தான் அது. பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிற வேறொரு விளையாட்டு.

பருவம் முடிந்ததும், புதுவருஷத்தை ஒட்டி, அங்கே "கிண்ண ஆட்டங்கள்" நடக்குமாம். மைதானத்தின் வடிவத்தால் வந்த பெயர். ஒவ்வொரு கிண்ணத்துக்கும் ஒரு ஊர், ஒரு குழு. குழுவின் பெரிய மனிதர்கள் ஒரே நிறத்தில் கோட்டு அணிந்து, ஊர் ஊராகப் போய் ஆட்டம் பார்த்து, தங்களுக்கு விருப்பமான அணியை அழைப்பார்கள். சில கிண்ணங்களுக்கு இன்ன வட்டாரத்தின் முதல் அணி என்று ஒப்பந்தம் உண்டு. மற்றவை விருந்து கொடுப்பவரின் விருப்பம்.

கூடுதலாக வென்ற அணியைத்தானே அழைப்பார்கள் என்று ஏர்னஸ்ற் கேட்டான்.

"எப்போதும் இல்லை. யாருடைய ஆட்கள் கூட்டமாக வந்து ஹோட்டலில் தங்கிச் சாப்பிடுவார்கள் என்றும் பார்ப்பார்கள்" என்றார் கிழவர். ஒன்றிலும் தோற்காத இரண்டு அணிகள் ஆளுக்கொரு கிண்ணத்துக்குப் போய், ஒன்றையொன்று சந்திக்காமலே, இரண்டுமே தாங்கள்தான் முதல் என்று சொன்ன வருஷமும் உண்டாம். சொல்லிவிட்டுச் சிரித்தார்.

ஏர்னஸ்ற்றுக்குச் சிரிப்பு வரவில்லை. கிழவர் இடையில் சொன்ன வேறொன்றை அவன் மனம் பிடித்துக்கொண்டது. பாதி வென்று பாதி தோற்ற அணிக்கும் எங்கோ ஒரு கிண்ணம் இருக்கிறது என்பதை.

[அவன் மனதுக்குள் நான் போய்விட்டேன், அவன் என்னிடம் இதைச் சொன்னதில்லை. ஆனால் ஆறு வருஷமாக ஒரே பூசையில் பக்கத்து வாங்குப் பலகையில் இருக்கிறோம். யாரையும் வெறுங்கையோடு அனுப்ப மனமில்லாதவன் அவன் என்று எனக்குத் தெரியும்.]

பலெர்மோவில் எங்கள் தமிழ் ஆட்களிடமும் நான்கு அணிகள் இருந்தன. அவர்கள் ஆடியது காலால் ஆடுகிற பந்து. பருவ முடிவில், தை ஆறாம் திகதி வரும் மூன்று இராசாக்கள் திருநாளன்று, முதலாம் இரண்டாம் இடத்து அணிகள் கடலோரத்து ஸ்ஃபெர்ராகவால்லோவில் விளையாடும். அங்கே மீன் உணவகம் வைத்திருந்த ஒருவர் புல் மைதானமும் கோப்பையும் இரவல் கைதட்டலும் தருவார்.* மற்ற இரண்டு அணிகளும் வேலியோரம் நின்று பார்க்கும். ஏர்னஸ்ற் குழுவின் செயலாளர். அந்த வருஷம் அவன் சொன்னான்: கோயிலுக்குப் பின்னால் மண் மைதானம் இருக்கிறது, அமெரிக்காவைப் போல எல்லோருக்கும் கடைசியாக ஓர் ஆட்டம் கொடுப்போம்.

இதைவிட நல்ல யோசனையை அந்த மேசையில் நான் கேட்டதில்லை.

* "இரவல் கைதட்டல்" என்றது என் கசப்பு. அந்த மனிதர் உண்மையாகவே கைதட்டினார். அவர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

3

இப்போது ஸ்ரான்லி. இவனை எழுதத்தான் எனக்குப் பயம். கபோ அணியின் தலைவன் என்பதால் வீரனாக்கிவிடுவேனோ என்று. ஆகவே குறைகளை முதலில் சொல்கிறேன். வாய்க்காரன். பூசைக்குப் பிந்தித்தான் வருவான். தன் பந்தை மற்றவனுக்குக் கொடுக்கமாட்டான்.

கபோ சந்தைக்கு மேலே மூன்று அறைகளில் பதினொரு ஆண்கள். கூட இருக்கப் பெண் இல்லை, பிள்ளை இல்லை, பலருக்கு permesso என்ற வதிவிட அனுமதியும் இல்லை. அந்த மார்கழியில் எல்லா வீட்டிலும் ஒரே கதை: புதுச் சட்டப்படி, பங்குனி முடிவதற்குள் ஒரு முதலாளி கையெழுத்து வைத்துக் கொடுத்தால், களவாக இருப்பவனும் permesso கேட்கலாம். ஸ்ஃபெர்ராகவால்லோ உணவக முதலாளி தன் குசினிக்கு இரண்டு பேர் எடுக்கப்போகிறார் என்பதும் தெரிந்த கதை. "என் மைதானத்தில் விளையாடுகிறவர்களில் பார்த்து எடுப்பேன்" என்று அவரே சொல்லியிருந்தார்.

ஸ்ரான்லி நெடுந்தீவை விட்டு வந்த பிறகு பிறந்தவள் அவன் மகள் அமலினி. வயது நான்கு. அவளைப் படத்தில் மட்டும்தான் பார்த்திருக்கிறான். Permesso இருந்தால் போய்வரலாம். இல்லாமல் போனால் திரும்பி வரமுடியாது.

கபோ அணி அந்தப் பருவத்தில் ஒன்பது ஆட்டத்தில் ஒன்பதையும் வென்றது. பல்லரோ சந்தைப் பக்கத்துக் குடும்பங்களின் அணி மூன்றாமிடம்.

4

குழுவின் தலைவர் கிறிகோரி, பெரிய குரல், பெரிய மனம், இரண்டும் ஒன்றென்று நினைப்பவர்.

"ஏர்னஸ்ற், உன்ரை அமெரிக்கன் முறை எனக்கு வலு பிடிச்சிருக்கு" என்றார். "எல்லாருக்கும் ஆட்டம். ஆனா ஆர் எங்கை விளையாடுறது எண்டதை விருந்து குடுக்கிறவனுக்கு ஏத்தமாதிரிச் செய்வம். அங்கையும் அப்பிடித்தானே?"

"ஓம் அண்ணை, அங்கை அப்பிடித்தான். ஆனா—"

"முதலாளிக்குக் கதிரை நிரம்பவேணும். இரண்டாமிடம் அங்கைதான், அவையோடை விளையாட ஆர்? பல்லரோ எண்டால் பெண்டு பிள்ளையளோடை எண்பது பேர் வந்து சாப்பிடுவினம். கபோ எண்டால்?"

"பதினொரு பேர்" என்றார் கோபாலசிங்கம். "அதிலையும் கோல் காக்கிற தேவென் மச்சம் மாமிசம் தின்னான். மொரீசியஸ் சைவம். மீன் கடைக்காரன் அவனுக்கு எலுமிச்சங்காயையோ வெட்டிக் குடுக்கிறது?"

சிரித்தார்கள். நானும் சிரித்தேன். [இந்த வரியை இரண்டு தரம் வெட்டினேன். இருக்கட்டும்.]

இராஜதுரை மட்டும் சிரிக்கவில்லை. "ஒன்பதும் வெண்டவங்களை மண்ணிலை விடுறதோ? அந்தப் பெடியளுக்குக் கடதாசி வேணுமெண்டு எங்களுக்குத் தெரியாதோ?"

"இராஜதுரை, இது விளையாட்டுக் குழு. கடதாசிக்கு questura பொலிசிலை போய்க் கேள்."

தலைவர் வாக்களிப்பதில்லை. கோபாலசிங்கம் பல்லரோ என்றார். இராஜதுரை கபோ என்றார். எல்லோரும் ஏர்னஸ்ற்றைப் பார்த்தார்கள்.

அவன் தேத்தண்ணிக் கோப்பையைச் சுற்றிச் சுற்றித் திருப்பினான். தான் கொண்டுவந்த முறைக்கு எதிராகத் தானே எப்படிக் கைதூக்குவது? பல்லரோப் பிள்ளைகள் போன வருஷம் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்ற முகங்கள் வேறு நினைவில். கபோவுக்கும் ஓர் ஆட்டம் இருக்கிறதே.

"முறை எண்டால் முறைதானே அண்ணை" என்றான். மெதுவாகத்தான் சொன்னான். அநியாயத்தை உரத்துச் சொல்லவேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லை.

முதலாளிக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. ஏர்னஸ்ற்றின் இத்தாலியன் நல்லது. பல்லரோ அணி வருகிறது என்று எழுதினான்.

"முதலாமிடத்துக்கு வந்த அணி எண்டு போடு" என்றார் கிறிகோரி. "அவருக்கும் ஒரு சந்தோசம்."

பேனை நின்றது. பிறகு எழுதியது. நான் அவனுக்கு இரண்டாம் தேத்தண்ணி ஊற்றினேன், சீனி கூடப் போட்டு.

5

திருநாளன்று கபோ அணி மண் மைதானத்தில் கடைசி அணியை ஏழுக்கு ஒன்றாக வென்றது. பார்த்தவர்கள் பத்துப் பேர். ஏர்னஸ்ற் ஸ்ஃபெர்ராகவால்லோ போகவில்லை. மனைவி மாக்கிரட்டோடு இங்கே வந்து, பதினொரு பேருக்கும் சோற்றுப் பொதி கொண்டுவந்திருந்தான். தேவெனுக்கு மட்டும் தனியாக மரக்கறி. இரவெல்லாம் சமைத்த மாக்கிரட்டின் கண்கள் சிவந்திருந்தன.

சிறிய அன்புகள்தான் உலகைத் தாங்குகின்றன என்று இருபது வருஷமாக எழுதி வருகிறேன். இங்கே அப்படி ஒரு பத்தி எழுதினேன், பொதியின் சூடு, வாழையிலை கிடைக்காத ஊரில் அவள் தாளை மடித்த விதம் என்று. நன்றாக வந்திருந்தது. பிறகு ஸ்ரான்லி சொன்னது நினைவுக்கு வந்தது, பத்தியைக் கிழித்தேன்.

அவன் முழுவதையும் சாப்பிட்டான். கையைக் கழுவினான்.

"கறி நல்லாயிருக்கு அக்கா" என்றான் மாக்கிரட்டிடம். பிறகு ஏர்னஸ்ற்றிடம்: "அண்ணை, உங்களுக்கு எங்களிலை இரக்கம் இருக்கெண்டு எனக்குத் தெரியும். நான் கேட்டது இரக்கமில்லை. ஒன்பது ஆட்டம் வெண்டனான்."

முதலாளி பல்லரோவில் இரண்டு பெடியன்களை எடுத்தார். இருவரிடமும் permesso ஏற்கெனவே இருந்தது.

6

முடிவுகள். கிடைத்தவற்றை வைக்கிறேன்.

முதலாவது: மாசி மாதத்தில் முதலாளி தற்செயலாக மண் மைதானப் பக்கம் வந்து, ஸ்ரான்லியின் ஆட்டத்தைப் பார்த்து— இல்லை. முதலாளிகள் மண் மைதானப் பக்கம் தற்செயலாக வருவதில்லை.

இரண்டாவது: லீலண்ட் கையெழுத்து வைக்கிறார். அவரை ஏர்னஸ்ற் கேட்டது உண்மை. "உனக்கே வைத்திருக்கிறேன், ஒரு கிழவனுக்கு எத்தனை சமையல்காரர் என்று கேட்பார்களே" என்று வருத்தப்பட்டார். வருத்தமும் உண்மை.

மூன்றாவது: செபம். நான் செபித்தேன். அதைக் கதையில் ஒரு சம்பவமாகப் போட எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஆண்டவரிடம் கேட்டதை முதலில் கிறிகோரியிடம் கேட்டிருக்கவேண்டும்.

7

பங்குனி முடிய மூன்று நாள். வியாழக்கிழமை. வீட்டு வேலை செய்பவர்களுக்கு மத்தியானத்துக்குப் பிறகு ஓய்வு. ஸ்ரான்லி ஏர்னஸ்ற்றின் வீட்டு வாசலில் நின்றான். மாக்கிரட் சாப்பிட வரச் சொன்னாள்.

"வேண்டாமக்கா." உள்ளே வரவில்லை. "அண்ணை, ஸ்ஃபெர்ராகவால்லோவுக்கு ஒருக்கா என்னோடை வாங்கோ. அந்தாள் இன்னுமொராளைத் தேடுறாராம். நான் சொன்னால் நம்பமாட்டார். நீங்கள் செயலாளர். கபோதான் முதலாமிடம் எண்டு அவருக்கு முன்னாலை சொல்லுங்கோ. வேறை ஒண்டும் வேண்டாம்."

"அப்ப நான் எழுதினது?"

"பொய் எண்டு சொல்லுங்கோ."

மாக்கிரட் கணவனைப் பார்த்தாள். சொன்னால் முதலாளி கோபப்பட்டு மைதானத்தையும் கோப்பையையும் நிறுத்தலாம். கிறிகோரி இனி முகத்தில் முழிக்கமாட்டார். பல்லரோப் பெடியன்களின் வேலைக்கும் கேள்வி வரலாம். சொன்னாலும் முதலாளி கையெழுத்து வைப்பார் என்று எந்த நிச்சயமும் இல்லை.

"வேறை ஏதும் உதவி வேணுமெண்டால் சொல்லடா தம்பி" என்றான் ஏர்னஸ்ற். "காசு கீசு—"

"அண்ணை, பஸ் இன்னும் பத்து நிமிசத்திலை."

ஏர்னஸ்ற் உள்ளே போனான். ஆணியில் இருந்த கோட்டை எடுத்தான். ஒரு கையை நுழைத்தான்.

அவன் மற்றக் கையையும்—

இங்கே நிறுத்துகிறேன். அவன் போனான் என்று எழுத எனக்கு எவ்வளவு ஆசை என்று உங்களுக்குத் தெரியாது. அதனால்தான் என்னை நம்பவேண்டாம் என்கிறேன். அந்த மேசையில் கேத்தலோடு நின்றவள் நான். நல்ல மனிதர்களுக்கு நல்ல முடிவு எழுதிக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிப் பழகியவள்.

நடந்ததை என்னிடம் கேட்காதீர்கள். ஒரு கை உள்ளே, ஒரு கை வெளியே, வாசலில் ஒருவன், தெருமுனையில் பஸ். அந்தக் கோட்டு உங்களுக்கும் அளவாகத்தான் இருக்கும். போட்டுப் பார்த்துச் சொல்லுங்கள்.