மதகுக்கு மேலே மூன்று படகுகள்

விடியற்காலையில் ஏரித் தண்ணீர் சில்லென்று இருக்கும் என்று கரையில் நிற்பவர்கள் சொல்வார்கள். மார்பளவு தண்ணீரில் நின்று வலை இழுத்துப் பார்த்தால் அப்படிச் சொல்ல மாட்டார்கள். கனகாவின் உள்ளங்கையை நைலான் கயிறு அறுத்துத் தள்ளியிருந்தது. ஒரு பக்கம் கட்லாவும் கெண்டையும் வாலால் அடிக்க, இன்னொரு பக்கம் கேப்டன் விசில் அடித்துக்கொண்டிருந்தார்.

"இழு! சோம்பேறிகளா, இழு!"

கப்பற்படையில் இருந்து ஓய்வு பெற்று வந்து, உத்திரமேரூர்ப் பக்கத்து இந்த ஏரியின் மீன்பாசியை, மீன் பிடிக்கும் உரிமையை, குத்தகைக்கு எடுத்தவர் அவர். படகின் முனையில் வெள்ளைத் தொப்பியோடு நிற்பார். அவரைப் பற்றி டீக்கடையில் பேச்சு எடுத்தால் இரண்டு கட்சி ஆகிவிடும். புயலில் கப்பலுக்குள் தண்ணீர் புகுந்தபோது, கீழ்த்தளத்தில் இரண்டு மாலுமிப் பையன்கள் இருக்கும்போதே கதவை அடைக்கச் சொன்னவர். மாலுமிகள் மாட்டோம் என்று மேல்தளத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். அவரே இறங்கிப் போய் அடைத்தார். கப்பலைக் காப்பாற்றிய வீரர் என்பார்கள் சிலர். கொலைகாரர் என்பார்கள் சிலர். அவரோ அந்தக் கதையைத் தானே சொல்லி மீசையைத் தடவிக்கொள்வார். கப்பல் முழுகினால் கடைசியாக இறங்குகிறவன்தான் கேப்டன் என்று முடிப்பார்.

வலை இழுத்தவர்கள் குழம்புக்கு ஒரு கை மீன் எடுத்துக்கொள்வது இந்த ஏரியில் எந்தக் காலத்திலும் உண்டு. அவர் வந்ததும் அது போயிற்று. அதைக்கூட எல்லாரும் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தார்கள். கோபாலுக்கு நடந்ததைத்தான் கனகாவால் பொறுக்க முடியவில்லை.

கோபால் அவள் புருஷன், ஊரின் நீர்க்கட்டி. மதகைத் திறக்கவும் மூடவும் அவன் ஒருவனுக்குத்தான் உரிமை. திறப்பதற்கு முன்னால் கரைமேல் நின்று, இன்றைக்கு எந்த மடைக்குத் தண்ணீர் என்று கூவுவான். கழனிகளில் இருந்து "ஓவ்" என்று பதில் வரும். பதில் வந்த பிறகுதான் தண்ணீருக்குள் முங்கி, மதகின் கட்டையைத் தூக்குவான். போன மாதம் கேப்டன் வந்து, கடைமடைக்காரர்கள் தண்ணீர் கேட்கிறார்கள், சீக்கிரம் திற, கூவிக்கொண்டு நிற்காதே என்றார். கோபால் இறங்கிவிட்டான். தண்ணீர் விஷயத்தில் ஒருவர் பொய் சொல்வார் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. கடைமடையில் யாரும் கேட்கவில்லை. குத்தகை முடிவதற்குள் ஏரியை வடித்து மீனை மொத்தமாக வாரத்தான் அந்த அவசரம். மதகு இழுத்த இழுப்பில் கோபாலின் கால் கட்டைக்கும் கல்லுக்கும் நடுவே சிக்கி முறிந்தது; கட்டை திரும்ப விழுந்து மதகும் அடைபட்டது. கயிறு கட்டிக்கொள்ளாமல் இறங்கியது அவன் குற்றம் என்று கேப்டன் கை கழுவினார்.

இன்றைக்கு எல்லாரும் வலையை மடித்துப் படகில் ஏறியதும் அவர் மதகுப் பக்கம் கையைக் காட்டினார்.

"வேதாசலம், நீ இறங்கித் திற."

வேதாசலம் வயதில் மூத்த படகுக்காரர். துடுப்பை நிறுத்திவிட்டுக் கனகாவைப் பார்த்தார். அவளோ கரைக்கு அப்பால் பார்த்தாள். பங்குனி வெயிலில் நவரைப் பட்டத்து நெல் பால் பிடித்து நின்றது. இன்னும் இரண்டு தண்ணீர் போதும். இப்போது ஏரி வடிந்தால் அத்தனையும் பதர். அறுப்பும் இல்லை, கூலியும் இல்லை.

"அவுரு எறங்கமாட்டாரு சார்," என்றாள்.

"உன்னைக் கேட்டேனா?"

"நீ கேக்கவே மாட்டே. அதுக்கோசரந்தான் நானே சொல்றேன். எம் புருசன் கால ஒட்ச்சே. இப்ப இவுரா? கீழ பயிரு நிக்கிது, கண்ணு தெரியிதா இல்லியா?"

"படகை ஓட்டு! இது ஆர்டர்!"

கனகா துடுப்பைத் தண்ணீரிலிருந்து தூக்கி மடிமேல் வைத்துக்கொண்டாள். வேதாசலமும் தூக்கினார். பின்னால் வந்த படகில் சசிரேகா தூக்கினாள். மூன்றாவது படகில் விஜய் தூக்கினான். மூன்று படகும் நடு ஏரியில் நின்றன.

கேப்டன் முகம் வெளுத்தது. "இதை நான் ஏற்கெனவே பார்த்திருக்கேன். இப்படித்தான் உட்கார்ந்தானுங்க. ஒருத்தனுக்கும் வேலை மிஞ்சலை."

"வேல போனா போவுது சார்," என்றார் வேதாசலம். "அந்தப் பசங்க உயிர் போச்சே, அத இன்னா பண்றது?"

கேப்டன் செல்போனில் போலீஸைக் கூப்பிட்டார். பிறகு மதகைத் தானே திறக்க ஷூவோடு தண்ணீரில் குதித்தார்.

"கடசியில எறங்கறவன்தான் கேப்டன்னு சொன்னியே சார்!" என்று விஜய் கத்தினான். மூன்று படகும் சிரித்தன.

ஆனால் ஏரிச் சேற்றுக்குக் கடல் அனுபவம் தெரியாது. நாலு எட்டு வைப்பதற்குள் முழங்கால்வரை புதைந்தார். தண்ணீர் கழுத்துக்கு ஏறியது. தொப்பி தனியாக மிதந்து போனது. சிரிப்பு நின்றது. ஒரு கணம், ஒரே ஒரு கணம், கிடக்கட்டும் என்று கனகாவின் மனது சொன்னது. அப்புறம் துடுப்பை நீட்டினாள்.

"புடி சார். கதவ சாத்திட்டுப் போறவங்க இல்ல நாங்க."

பிடித்தார். இழுத்துக் கரையோரம் விட்டார்கள். ஒரு ஷூ ஏரியிலேயே தங்கிவிட்டது.

விட்டதும் மூன்று படகையும் மதகுக்கு மேலே கொண்டுபோய், வலைக்கயிற்றால் கல்தூண்களோடு சேர்த்துக் கட்டினார்கள். மதகில் கை வைக்க வேண்டுமானால் இனி படகுகளை அப்புறப்படுத்த வேண்டும். படகில் ஆட்கள் இருக்கிறார்கள்.

சத்தம் கேட்டுக் கரையில் கூட்டம் சேர்ந்தது. கூலி உயர்வு கேட்டதற்காகக் கனகாவோடு வருஷக்கணக்கில் முகம் கொடுத்துப் பேசாத நிலக்காரர் சின்னராசு மூச்சு வாங்க ஓடி வந்தார்.

"இன்னா கனகா, மதக தொறக்கச் சொன்னானாமே?"

"சொன்னான். தொறக்கல."

அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கி, படகின் விளிம்பைப் பிடித்து நின்றார். ஏரித் தண்ணீருக்குள் அவர் கால் வைத்து யாரும் பார்த்ததில்லை.

மீன் ஏற்ற வந்த ஜமீர் தன் வண்டியிலிருந்து ஐஸ் பெட்டியை இறக்கிவிட்டு, அதே வண்டியில் கோபாலை உட்கார வைத்து அழைத்து வந்தான். "ஜமீர், மீனை ஏத்து," என்றார் கேப்டன், ஒற்றை ஷூவில் நின்றபடி.

"இன்னிக்கி ஏத்தமாட்டேன் சார். பேஜார் பண்ணாத."

தூரத்தில் கரைமேல் புழுதி எழும்பியது. போலீஸ் ஜீப். கேப்டன் அதைப் பார்த்து நிமிர்ந்தார். யாரைப் பிடிப்பார்கள், யாரை விடுவார்கள், குத்தகைக் காகிதம் யார் பக்கம் பேசும், ஒன்றும் தெரியாது. கனகா பயந்தாள், ஆனால் எழுந்திருக்கவில்லை.

கட்டுப் போட்ட காலோடு கோபால் கழியை ஊன்றிக் கரைமேல் ஏறினான். அன்றைக்குக் கூவாமல் விட்டதை இன்றைக்குக் கூவினான்.

"நீர்க்கட்டி சொல்றேன்! இன்னிக்கி எந்த மடைக்கும் தண்ணி இல்ல! மதகு தொறக்காது!"

மேல்மடைக் கழனியிலிருந்து "ஓவ்" என்று வந்தது. கரையிலிருந்து வந்தது. சின்னராசு தண்ணீரில் நின்றபடியே கொடுத்தார். கடைசியில், கண்ணுக்கு எட்டாத கடைமடையிலிருந்தும் மெலிதாக வந்து சேர்ந்தது.

கனகா தொண்டை கிழியப் பதில் கொடுத்துவிட்டு, துடுப்பை மடிமேல் வைத்தபடி ஜீப் வரும் திசையைப் பார்த்து உட்கார்ந்தாள்.