உள்ளுக்கு இருக்கிறவர்

கிண்ணியாப் பாதை ஓடவில்லை என்ற செய்தி காலை ஏழரைக்கே றுக்கியாவின் காதுக்கு வந்துவிட்டது. பாதை என்றால் அங்கே தெருவில்லை. இரண்டு கரைக்கும் நடுவே சனத்தையும் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு போகிற மிதவை. ஏன் நின்றது, எப்போது ஓடும் என்று கேட்கிற பழக்கத்தை அந்த இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டில் எல்லாரும் விட்டிருந்தார்கள். நின்றால் நின்றதுதான். கேட்டவனைத்தான் திருப்பிக் கேள்வி கேட்பார்கள்.

மற்ற நாளென்றால் றுக்கியா செருப்பைக் கழற்றிவிட்டு உம்மாவோடு குசினிக்குள் நுழைந்திருப்பாள். அன்றைக்கு மாதத்தின் கடைசி நாள். திருகோணமலை நகரத்தில், துறைமுகத்தடியில் இருக்கிற மீனவர் சங்கத்தில் கணினி பார்க்கிறவள் அவள். கடலுக்குப் போகிற நாற்பத்துமூன்று தோணிகளின் பெயர்ப்பட்டியலை மாதக் கடைசியில் பகல் பன்னிரண்டு மணிக்குள் கடற்படை முகாமில் கொடுக்க வேண்டும். பன்னிரண்டு தாண்டினால் வாங்கமாட்டார்கள். பட்டியல் இல்லையென்றால் அடுத்த மாதம் முழுக்க ஒரு தோணியும் கரையை விட்டு அசையாது. கீரிமீன் வந்து குவிகிற நேரம் அது. நாற்பத்துமூன்றில் ஒன்று அவளுடைய காக்கா, மூத்த அண்ணன் முத்தலிப்பின் தோணி. அந்தத் தோணியில்தான் வீட்டில் ஆறு பேர் சாப்பிட்டார்கள்.

கையால் எழுதிக் கொடுத்தால் என்ன? கொடுத்துப் பார்த்தாயிற்று. போன வருடம் ஒரு தடவை கையெழுத்துப் பட்டியலில் ஒரு வெட்டு இருந்ததென்று அப்படியே திருப்பி அனுப்பினார்கள். அதன் பிறகு அச்சடித்த பட்டியல்தான். அதை அச்சடிக்கிற மென்பொருளை எழுதிய மகராசன் கட்டாருக்குப் போய்விட்டான். அது பழைய விண்டோசில் மட்டும்தான் ஓடும். அந்தப் பழைய கணினியோ போன மாரியில் இடி விழுந்து செத்துப்போனது. கொழும்பில் வேலை செய்கிற மாமி மகன் ஜெமீல்தான் வந்து காப்பாற்றினான். செத்ததின் வயிற்றில் கிடந்ததையெல்லாம் அப்படியே எடுத்து, புதுக் கணினிக்குள் ஒரு மெய்நிகர் இயந்திரமாக வைத்துவிட்டான். புதுத் திரையின் நடுவே ஒரு சதுரம். சதுரத்துக்குள் பழைய கணினி, தன் பழைய படங்களோடும் பழைய கடிகாரத்தோடும் உயிரோடு இருந்தது.

சங்கத்தின் எழுதுவினைஞர் பாக்கியரத்தினம் ஐயாவுக்கு இது கட்டோடு பிடிக்கவில்லை. செத்ததை ஏன் எழுப்பி வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார். அன்றிலிருந்து அவருக்கு அது 'உள்ளுக்கு இருக்கிறவர்'. காலையில் வந்து, "உள்ளுக்கு இருக்கிறவர் சுகமா, பிள்ளை?" என்று விசாரித்துவிட்டு, பக்கத்து மேசையில் தன் தமிழ்த் தட்டச்சுப் பொறியின் உறையைக் கழற்றுவார். கச்சேரியில், அதாவது அரசாங்க அதிபரின் அலுவலகத்தில், முப்பத்தொரு வருடம் அந்த மாதிரிப் பொறியைத் தட்டிவிட்டு ஓய்வு பெற்ற மனிதர். உப்புவெளியிலிருந்து சைக்கிளில் வருவார். அவரிடம் இரண்டு பழக்கம் உண்டு. ஆங்கிலத்தில் எது வந்தாலும் வாசிக்காமல் சங்கத் தலைவரின் கடிதத் தட்டில் போட்டுவிடுவார். அது தலைவருக்கு உரியது, தான் வாசித்தால் மரியாதை இல்லை. இரண்டாவது, வழமைக்கு மாறாக எதைக் கண்டாலும் தொடமாட்டார். உடனே தொலைபேசியை எடுத்து உரியவருக்குத் தகவல் சொல்லுவார். அந்த நாட்களில் அது நல்ல பழக்கம்தான். அதனால் உயிர் தப்பினவர்கள் ஊரில் இருந்தார்கள்.

பாதை நின்றாலும் நிற்கும் என்று முந்தின நாளே றுக்கியாவுக்கு ஒரு பயம். அதனால் கணினியை அணைக்காமல், ஜெமீல் சொல்லிக் கொடுத்தபடி, தொலைபேசி மணி ஒன்று அடித்ததுமே மோடம் எடுக்கும்படி வைத்துவிட்டு வந்திருந்தாள். வெளியே இருந்து கூப்பிட்டால் அந்த வழியாகவே சங்கத்துக் கணினிக்குள் போகலாம். எல்லாம் கெட்டித்தனமாகச் செய்தவள், ஒன்றை மறந்துபோனாள். ஐயா அன்றைக்கு நேரத்தோடு போய்விட்டார், அவரிடம் சொல்லவில்லை.

ஒன்பது மணிக்கு ஸெய்னுதீனின் கொமினிகேசன் கடையில் போய் உட்கார்ந்தாள். கிண்ணியாவில் மோடம் உள்ள கணினி அவரிடம்தான் இருந்தது. முதலில் ஐயாவிடம் வாயால் சொல்லிவிடலாம் என்று சங்கத்துக்கு எண்ணைச் சுழற்றினாள். ஒரு மணி அடித்தது. ஐயாவின் குரலுக்குப் பதிலாக மோடம் காதுக்குள் கீச்சிட்டது. தான் வைத்த பொறியில் தானே கால் வைத்தது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. சங்கத்துக்கு அந்த ஒரு தொலைபேசி வழிதான். செல்போனில் அந்த மாதம் முழுக்கச் சிக்னல் இல்லை.

சரி, வருவது வரட்டும் என்று ஜெமீல் எழுதிக் கொடுத்திருந்த துண்டுக் காகிதத்தைப் பார்த்துக் கணினியால் இணைத்தாள். சங்கத்துக் கணினியின் திரை மேலிருந்து கீழாக, பாய் விரிப்பதுபோல மெல்ல மெல்ல வந்தது. நடுவில் அந்தச் சதுரம். ஸெய்னுதீன் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து பார்த்து, கிண்ணியாக் கணினிக்குள் திருகோணமலைக் கணினி, அதற்குள் செத்த கணினியா என்று அல்லாஹ்வைக் கூப்பிட்டார். வாசலில் நின்ற முத்தலிப்புக்கு நக்கல் தாங்கவில்லை.

"கம்பிக்குள்ளால ஒபிசுக்குப் போறியா, புள்ள? வரக்குள்ள ரெண்டு பாண் வாங்கிட்டு வா."

றுக்கியா அம்புக்குறியைச் சதுரத்தை நோக்கி நகர்த்தினாள். இணைப்பு அறுந்தது.

திரும்ப அழைத்தாள், வழி ஓய்வாக இல்லை. ஐந்து நிமிடம் கழித்துக் கிடைத்தது. பாய் விரிந்தது. அம்புக்குறியை அசைத்தாள், அறுந்தது. மூன்றாம் தடவையும் அப்படியே. மூன்றாம் தடவைதான் அவளுக்குப் பிடிபட்டது. அங்கே ஐயா கணினிக்கு முன்னால் இருக்கிறார். யாரும் தொடாமல் அம்புக்குறி ஓடுகிறது. உள்ளுக்கு இருக்கிறவர் அசைகிறார்! ஐயா தொலைபேசியை எடுக்கிறார், இணைப்பு செத்துப்போகிறது. எடுத்து யாருக்குத் தகவல் சொல்லப் பார்க்கிறார்? உரியவருக்கு. உரியவள் யார்? றுக்கியா. அவளுக்குச் செய்தி சொல்ல ஸெய்னுதீன் கடை எண்ணைத்தான் சுவரில் எழுதி வைத்திருக்கிறார். அவர் இங்கே சுழற்ற, இவள் அங்கே சுழற்ற, இரண்டு பக்கமும் வழி ஓய்வாக இல்லை. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. மணி பத்தேகால்.

நான்காம் தடவை வேகமாகச் சதுரத்துக்குள் நுழைந்து, நோட்பாடைத் திறந்து, போனை எடுக்க வேண்டாம் என்று பெரிய ஆங்கில எழுத்தில் அடித்தாள். அடித்து முடிக்கவில்லை, அறுந்தது. அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இங்கிலீசு, தலைவருடைய தட்டுக்கு! வாசித்திருக்கவே மாட்டார், மனிதர். தலைவரோ பகல் ஒரு மணிக்கு முன்னால் வந்த சரித்திரம் இல்லை.

ஐந்தாம் தடவை அவளுடைய விரல்கள் அவளைக் கேட்காமலே பழக்க தோஷத்தில் தமிழ் அடித்தன. பழைய கணினியின் நோட்பாடில் தமிழ் எழுத்துரு கிடையாது. 'ஐயா' என்று அடித்ததற்கு ஆங்கிலத்தில் ஒரு பெரிய ஐ, ஒரு சின்ன ஏ, ஒரு எச் விழுந்து கிடந்தன. சீ என்று அழிக்கப் போனவள், கையை எடுத்துவிட்டாள். கணினியில் அவள் தமிழ் அடிக்கிற முறை தட்டச்சுப் பொறியின் முறைதானே. அதே விரல், அதே இடம். இந்தக் குப்பையை ஒருவர் வாசிக்க முடியுமென்றால், அது முப்பத்தொரு வருடம் அந்த இடங்களைத் தட்டிய விரலால்தான் முடியும். தலைவருக்குப் போகிற இங்கிலீசு இல்லை இது என்றாவது அவருக்குத் தெரியும். அவள் அம்புக்குறியை ஒரு மூலையில் அசையாமல் வைத்துவிட்டு அடித்தாள்: ஐயா, போனை எடுக்க வேணாம். நான் றுக்கியா.

காத்திருந்தாள். ஒரு நிமிடம். மூன்று நிமிடம். அறுக்கவில்லை. பதிலும் இல்லை. அதற்குக் கீழே எதையாவது அடித்தால் அவள் திரையிலும் தெரியும். ஒரு புள்ளிகூட விழவில்லை. ஐயா விளங்கிக்கொண்டாரா, தேநீர் குடிக்கப் போய்விட்டாரா? அம்புக்குறியை ஓர் அங்குலம் அசைத்துப் பார்த்தாள். அறுக்கவில்லை. இரண்டு அங்குலம். அறுக்கவில்லை. அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிவிட்டுப் பட்டியலைத் திறந்தாள்.

அசைகிற ஒவ்வொன்றுக்கும் அரை நிமிடம் எடுத்தது. விற்றுப்போன இரண்டு தோணிகளை நீக்கி, புதிதாய் வந்த இரண்டைச் சேர்த்து, இயந்திர எண்களைச் சரிபார்க்கப் பதினொன்று பத்தாகிவிட்டது. அச்சிடச் சொன்னாள். அச்சுப்பொறியில் தாள் இல்லை என்று பழைய கணினி சொன்னது. ஸெய்னுதீன் தலையில் கை வைத்தார். முத்தலிப்பின் நக்கல் எப்போதோ நின்றிருந்தது. அவள் கதிரைக்குப் பின்னால் வந்து நின்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தான்.

அவள் நோட்பாடில் அடித்தாள்: ஐயா, பிரிண்டருக்குத் தாள் போடுங்கோ. பதில் இல்லை. பதினொன்று இருபது. பதினொன்று இருபத்தைந்து. தாள் இல்லை என்ற அறிவிப்பு தானாக மறைந்தது. பட்டியல் போய்க்கொண்டிருந்தது. றுக்கியா மேசையில் குத்திய குத்தில் ஸெய்னுதீனின் தேநீர்க் கோப்பை துள்ளியது.

உடனே அடித்தாள்: முத்திரை குத்தி முகாமுக்குக் கொண்டுபோங்கோ. பன்னிரண்டுக்கு முன்னம். பதில் இல்லை. ஐந்து நிமிடம் பொறுத்து, ஐயா இருக்கிறீங்களா என்று அடித்தாள். பதில் இல்லை. ஐயா, கொண்டுபோயிட்டீங்களா? திரை கல்லு மாதிரி இருந்தது. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு சொல், ஓம் என்று ஒரு சொல் அடித்தால் என்ன இந்த மனிதருக்கு! கடைக்கு வெளியே வெளிநாட்டுக்குப் பேசக் காத்திருந்த பெண்கள் ஜன்னலைத் தட்டத் தொடங்கியிருந்தார்கள். இணைப்பைத் துண்டித்துவிட்டு எழுந்தாள். அன்றைக்குப் பகல் அவள் சாப்பிடவில்லை.

முகாமில் பட்டியல் ஏற்கப்பட்டால் நான்கு மணிக்கு அதை வயர்லெஸ்ஸில் கிண்ணியா இறங்குதுறைக் காவலுக்குச் சொல்லுவார்கள். அங்கே ஒரு கடற்படைப் பையன் பெயர்களைச் சத்தமாக வாசிப்பான். மூன்றரைக்கே கரை நிறைந்துவிட்டது. நான்கு மணியாகியும் யாரும் வெளியே வரவில்லை. நான்கு பத்துக்கு ஒரு தாளோடு அவன் வந்தான். தமிழ்ப் பெயர்களை மென்று, விழுங்கி, துப்பி வாசித்தான். அலியார் என்றான். தவராசா என்றான். புதிதாய்ச் சேர்த்த இரண்டு பெயரும் வந்தன. இருபத்தேழாவதாக, முத்தலிப் என்று சொல்லத் தெரியாமல் வேறு என்னவோ சொன்னான். காக்கா அதற்கே கையைத் தூக்கி "ஓம், நான்தான்" என்று கத்தினான். கரை முழுக்கச் சிரித்தது. றுக்கியா முக்காட்டுத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள், நன்றாகவே அழுதாள்.

மறுநாள் பாதை ஓடியது. சங்கத்து வாசலில் கால் வைக்கும்போதே தொலைபேசி அடித்துக்கொண்டிருந்தது. இரவு மின்சாரம் நின்று கணினி அணைந்துபோனதால் மோடம் எடுக்கவில்லை. பாக்கியரத்தினம் ஐயா அதற்குப் பக்கத்தில் கைகட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தொலைபேசி ஓய்ந்தது, பிறகும் அடித்தது. அவர் அசையவில்லை. ஏன் எடுக்கவில்லை என்று கேட்டாள்.

"நீங்கள்தானே பிள்ளை எடுக்க வேண்டாம் எண்டு சொன்னனீங்கள். எடுக்கலாம் எண்டு பிறகு சொல்லேல்லையே."

நேற்றுக் காலை தொடக்கம் அவர் அதைத் தொடவே இல்லை. அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, அது போகட்டும், நான் கேட்டதுக்கெல்லாம் ஏன் ஒரு பதில்கூடத் தரவில்லை என்று கேட்டாள். ஐயாவின் முகம் சட்டென்று வாடிப்போனது.

"ஒண்டு விடாமல் பதில் அடிச்சனான். நீங்கள்தான் ஒண்டும் சொல்லாமல் இருந்திட்டியள். பின்னேரம் அஞ்சு மணி மட்டும் பார்த்துக்கொண்டு இருந்தனான்."

அவர் தட்டச்சுப் பொறியைக் காட்டினார். அதில் ஒரு தாள் இன்னும் மாட்டியபடி இருந்தது. திரையில் விழுந்த ஒவ்வோர் ஆங்கில எழுத்தையும் கணினி விசைப்பலகையில் தேடி, அதே இடத்து விசையைத் தன் பொறியில் தட்டி, தமிழாக்கியிருந்தார். அவளுடைய வாசகம் பொறியில் வந்ததால், தன் பதிலும் பொறியால்தான் போகும் என்று நினைத்திருந்தார். ஒவ்வொரு வரிக்கும் கீழே, கச்சேரி முறைப்படி, அவருடைய பதில் இருந்தது.

ஐயா, போனை எடுக்க வேணாம். நான் றுக்கியா.
தங்கள் பணிப்புரை கிடைக்கப்பெற்றது. இனி எடுக்கப்படமாட்டாது.

ஐயா, பிரிண்டருக்குத் தாள் போடுங்கோ.
கோரியவாறு தாள் இடப்பட்டது. சற்றுத் தாமதமாயிற்று. அலுமாரித் திறப்பைத் தேடவேண்டியிருந்தது.

முத்திரை குத்தி முகாமுக்குக் கொண்டுபோங்கோ. பன்னிரண்டுக்கு முன்னம்.
முத்திரை இடப்பட்டது. சைக்கிளில் காற்று இல்லை. ஓடிப்போகிறேன்.

கடைசி இரண்டு கேள்விகளும் அவர் திரும்பி வந்த பிறகு வாசித்தவை. அவற்றுக்குக் கீழே கச்சேரித் தமிழ் இல்லை.

ஐயா இருக்கிறீங்களா? ஐயா, கொண்டுபோயிட்டீங்களா?
குடுத்திட்டன் பிள்ளை. இரண்டு நிமிசம் இருக்க வாங்கினவங்கள். நீங்கள் பயப்படாமல் சாப்பிடுங்கோ. சாப்பிட்டிட்டீங்களா?

அதற்குக் கீழே, ஒரு அங்குலம் இடைவெளி விட்டு, இன்னொரு தடவை: சாப்பிட்டிட்டீங்களா?

தட்டச்சுப் பொறிக்கும் கணினிக்கும் நடுவில் ஒரு கம்பியும் இல்லை என்று றுக்கியா சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் வாயைத் திறந்தாள். ஐயா அவளுடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கதிரையை இழுத்துப்போட்டு அவருடைய பொறிக்கு முன்னால் உட்கார்ந்து, அந்தத் தாளிலேயே அடித்தாள்: எல்லாம் கிடைச்சுது ஐயா. பதில் பிந்திப்போச்சு, மன்னிச்சுக்கொள்ளுங்கோ. ராத்திரி கீரிமீன் கறியோட சாப்பிட்டேன். இனிப் போனை எடுக்கலாம்.

ஐயா குனிந்து, ஒவ்வொரு சொல்லாக, இரண்டு தடவை வாசித்தார். பிறகு சட்டைக் கழுத்தைச் சரிசெய்துகொண்டு, அடித்துக்கொண்டிருந்த தொலைபேசியை எடுத்து, வணக்கம், மீனவர் சங்கம் என்றார்.