வானதி வீட்டு வாஷிங் மெஷின்

குவைத்திலிருந்து விடுப்பில் வந்த மதிவாணன், மயிலாடுதுறையில் வாஷிங் மெஷின் வாங்கிக் கொல்லைப்புறத்தில் இறக்கினான். "இனிமே துணிய அதுபாட்டுக்குத் துவைக்கும். நீ நெனச்சப்பல்லாம் வேதாரண்யம் போயி அம்மாவப் பாத்துட்டு வரலாம்" என்று மனைவியிடம் சொன்னான். படுத்த படுக்கையாகக் கிடக்கும் தாயை மாதம் ஒருமுறைதான் பார்க்க முடிந்த வானதிக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. பாவம், நம்பிவிட்டாள்.

அந்தக் கூட்டுக் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒருத்தி புருஷன் கட்டிய வேட்டியை இன்னொருத்தி துவைக்க மாட்டாள். எத்தனை சேறு அப்பியிருந்தாலும் அவரவர் பெண்டாட்டிதான் வாய்க்கால் படித்துறையில் கும்மி எடுக்க வேண்டும். மெஷின் வந்ததும் அந்த வழக்கம் காற்றில் பறந்தது. வானதியா துவைக்கிறாள், மெஷின்தானே துவைக்கிறது! மதிவாணனின் அண்ணன், மூத்தார் இராஜாங்கத்தின் வேட்டி வந்தது. அவர் மனைவி அம்சத்தின் புடவைகள், பிள்ளைகளின் துணி, போர்வை, தலையணை உறை என்று தினமும் மலையாகக் குவிந்தது. தண்ணீர் விடுவதும், அலசுவதும், பிழிகிற தொட்டிக்கு மாற்றுவதும், காயப்போட்டு மடிப்பதும் வானதி. குவைத்துக்குத் திரும்பிய மதிவாணன் இரண்டு வருஷம் கழித்து மறுபடி வரும்வரை அவள் வேதாரண்யம் பஸ்ஸில் கால் வைக்கவில்லை.

அவன் வந்திருந்த அந்த விடுப்பில், அம்மாவுக்கு ஆகாரம் இறங்கவில்லை என்று ஒருநாள் காலையில் போன் வந்தது. வானதி பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். இராஜாங்கம் ஒரு துணி மூட்டையை அவள் காலடியில் எறிந்தார்.

"நாத்தங்கால் சேறு. போட்டுட்டுப் போம்மா. மெஷின்தானே துவைக்கப்போவுது?"

"இன்னைக்கு முடியாதுங்க. அக்காவப் போடச் சொல்லுங்க."

பளாரென்று கன்னத்தில் அறை விழுந்தது. அடித்தவன் மதிவாணன்.

"அண்ணனையா எதுத்துப் பேசுற? வீட்ல சும்மா இருக்கறவளுக்கு இவ்வளவு திமிரா?"

சும்மாவாம்! வானதிக்கு வெறி ஏறியது. மாட்டுக்கொட்டகையில் சாத்தியிருந்த கடப்பாரையை எடுத்து வந்து ஓங்கிக் குத்தினாள். மெஷினின் மூடி பிளந்தது. மதிவாணன் அவள் கொண்டையைப் பற்றி இழுத்துச் சுவரில் மோதினான். நெற்றி கிழிந்து ரத்தம் கண்ணில் இறங்கியது. இராஜாங்கம் அவள் மணிக்கட்டை முறுக்கினார். அவர் கையை ரத்தம் வரக் கடித்து உதறிவிட்டு, மெஷினைக் கீழே தள்ளி மோட்டார் மீது கடப்பாரையை இறக்கினாள். இறக்கிக்கொண்டே இருந்தாள்.

"கிட்ட வந்து பாருங்க!" என்று கத்தினாள். இரண்டு ஆம்பிளைகளும் பின்வாங்கினார்கள்.

அம்சம் வந்து பார்த்தாள். மெஷினருகே கிடந்த அன்றைய குவியலைக் கிளறித் தன் புருஷன் வேட்டியையும் பிள்ளைகள் துணியையும் பொறுக்கிக்கொண்டு படித்துறைக்கு நடந்தாள். மெஷின் போனபின் வழக்கம் வழக்கம்தானே. மிச்சம் கிடந்தவை மதிவாணனின் இரண்டு லுங்கிகளும் வானதியின் ஒரு புடவையும்தான். அவற்றையும் அப்படியே போட்டுவிட்டு, நெற்றியில் ஒரு துணியைக் கட்டிக்கொண்டு வானதி பஸ் ஏறினாள்.

சாயங்காலம் வேதாரண்யத்தில் அம்மா கண் திறந்தாள். மகளின் வீங்கிய கன்னத்தை மெல்லத் தடவினாள்.

"மெஷினு வந்துட்டா அடிக்கடி வருவேன்னியேடி. ரெண்டு வருஷமா காணும். இப்ப மட்டும் எப்புடி நேரம் கெடச்சுது?"

"அத ஒடச்சுட்டேம்மா" என்றாள் வானதி.