யானை இல்லாத மலை

புதுக்கோட்டை தாலுகா ஆபீஸ் சுவரோரம் மேசை போட்டிருந்த மனு எழுத்தர்கள் நாலு பேரில் ரத்தினவேலிடம்தான் கூட்டம் குறைவு. கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். ஆனால் கிணற்றுத் தகராறு ஒன்றை எழுதச் சொன்னால், அந்தக் கிணற்றில் மிதக்கும் நிலவிலிருந்து தொடங்குவான். தகராறுக்கு வந்து சேரும்போது மூன்றாம் பக்கம் ஆகிவிடும்.

மனு எழுதும் முறை அப்பாவிடமிருந்து வந்தது. சமஸ்தான காலத்து மனுவுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் நாட்டு வளம், அடுத்தது ஆள்பவர் பெருமை, அதற்குப் பிறகு மனுதாரர் கண்ணீர், கடைசியாகத்தான் கோரிக்கை. நாற்பத்தெட்டில் சமஸ்தானம் போயிற்று. மற்ற மூவரும் கோரிக்கையை முதல் வரிக்கு ஏற்றிவிட்டார்கள். ரத்தினவேலுக்கு அது பந்தியில் உட்கார்ந்ததும் மோரை ஊற்றச் சொல்வதுபோலப் பட்டது.

வர்ணனை நூலகத்திலிருந்து வந்தது. மொழிபெயர்ப்பு நாவல்கள் ஒன்றுவிடாமல் படித்திருந்தான். அவற்றில் மலைகள் நேராகக் கடலுக்குள் இறங்கும். மலைமக்கள் அதிகம் பேசமாட்டார்கள். பேசினால் அந்தப் பக்கத்தோடு அத்தியாயம் முடிந்துவிடும். விலங்குகள் கதாநாயகனை ஒருமுறை உற்றுப் பார்த்துவிட்டு விலகிப் போகும். இருபத்துநாலு வயது வரை ரத்தினவேலை உற்றுப் பார்த்த பெரிய விலங்கு எதிர்வீட்டு எருமைதான். கடலைத் தேடி ஜெகதாப்பட்டினம் போனான். கடல் இருந்தது. சேறும் நீருமாகத் தரையோடு தரையாகக் கிடந்தது. மலை இருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தான். கருவாடு காய்ந்துகொண்டிருந்தது.

அறுபத்திரண்டாம் வருஷம், ஆவூர்க்காரனும் பள்ளித் தோழனுமான ஞானராஜுக்கு நாகர்கோவிலுக்கு அப்பால் நீலக்கோட்டு மலையில், காணிக்காரர் என்னும் மலைமக்களின் குடியிருப்பான கூவைக்காட்டில் வாத்தியார் வேலை கிடைத்தது. "உச்சியில் நின்றால் கடல் தெரிகிறது என்கிறார்கள். யானை உண்டு. அட்டையும் உண்டு" என்று எழுதியிருந்தான். ரத்தினவேல் கடைசி வாக்கியத்தைக் கவனிக்கவில்லை. மேசையைப் பக்கத்து எழுத்தர் பிச்சைமுத்துவிடம் ஒப்படைத்துவிட்டு, ரயிலும் மூன்று பஸ்ஸும் மாறி, ஒரு பகல் முழுக்க நடந்து போய்ச் சேர்ந்தான்.

மலை அவனை ஏமாற்றவில்லை. இருவாச்சிகள் தலைக்கு மேல் சிறகடித்துப் போயின. கருங்குரங்கு ஒன்று உற்றுப் பார்த்தது. விலகாமல், அவன் பையிலிருந்த வாழைப்பழத்தையும் எடுத்துக்கொண்டு போயிற்று. உச்சியில் நின்றபோது தெற்கே வெள்ளி இழைபோல ஒன்று மின்னியது. ரத்தினவேல் ஞானராஜின் தோளைப் பிடித்து உலுக்கினான்.

"மாப்ள, அங்கிட்டுப் பாருடா. கடல்!"

"அது மேகம்டா" என்றான் ஞானராஜ். "காலப் பாரு மொதல்ல. ரத்தம் வழியுது."

ஊர்த்தலைவர் மல்லன் காணி மரத்தின் மேல் கட்டிய பரணிலிருந்து இறங்கி வந்தார். அறுபது வயதிருக்கும். இதோ அத்தியாயத்தை முடிக்கக்கூடியவர் என்று ரத்தினவேல் நோட்டுப் புத்தகத்தைத் திறந்தான்.

"ஐயா, ஒங்க முன்னோருங்க இந்த மலைக்கு எப்படி வந்தாங்க?"

"நடந்துதான்" என்றார் அவர். "ஏமானுக்கு என்ன சோலி?"

"மனு எழுதுறவங்க" என்று ஞானராஜ் முந்திக்கொண்டான்.

மல்லன் காணியின் முகம் மலர்ந்தது. உள்ளே குரல் கொடுத்தார். மரச்சீனி என்று அவர்கள் சொல்லும் மரவள்ளிக் கிழங்கும் காந்தாரி மிளகாயும் வந்தன. ஆட்களும் வந்தார்கள். அவருடைய கதை எளியது. குடியிருப்பை ஒட்டிய சரிவில் மரச்சீனி போட்டிருக்கிறார்கள். முப்பது குடும்பத்துக்கு ஆறு மாதச் சாப்பாடு அது. ஆனை வந்து தின்றுவிட்டுப் போகிறது. சரிவைச் சுற்றி ஓர் அகழி வெட்டிவிட்டால் ஆனை தாண்டாது. அதை வெட்ட சர்க்கார் அனுமதியும் வேண்டும், ஆளும் வேண்டும்.

"முன்னே ராஜா இருந்தாரு. தேனு கொண்டு போனா விசாரிப்பாரு. இப்ப தேனு ஆருக்குக் கொண்டுபோவணும்னே தெரியல்லே."

ராஜா போன ஊர்க்காரனுக்கு இதைவிட என்ன வேண்டும்? ரத்தினவேல் இரண்டு நாள் உட்கார்ந்து ஏழு பக்கம் எழுதினான். விடியலில் மலைமுகட்டைத் தழுவும் பனி, தொலைவில் அழைக்கும் ஆழி, பாறைகளே உயிர்பெற்று நடப்பதுபோல் அசைந்து வரும் யானைக் கூட்டம், ஆதி மக்களின் மாசற்ற புன்னகை. ஒரு யானையையும் அவன் பார்க்கவில்லை என்பது எழுத்தில் தெரியவில்லை.

"ரெண்டு வரி போதும்டா" என்றான் ஞானராஜ்.

"ரெண்டு வரியில தந்தி குடுக்கலாம். மனு குடுக்க முடியாது."

வாசித்துக் காட்டியபோது மல்லன் காணி கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்ததும், "நல்லா இருக்கு. இதுல எங்களுக்க மரச்சீனி எங்க வருது?" என்றார்.

"ஆறாம் பக்கத்துலங்க."

"அது வரைக்கும் ஏமான்மாரு வருவாங்களா?"

"வராம எங்க போவாங்க?"

மல்லன் காணி பெருவிரலை மையில் தோய்த்து வைத்தார். அதன் கீழே ரத்தினவேல் வழக்கம்போல, எழுதியவர் என்று தன் பெயரையும் புதுக்கோட்டை விலாசத்தையும் போட்டான்.

மூன்று மாதத்தில் சர்க்கார் பதிலின் நகல் அவன் மேசைக்கே வந்தது. பிரித்ததும் எழுந்து நின்றுவிட்டான். மனுவில் கண்ட இயற்கை வளம் மேலிடத்தை மிகவும் கவர்ந்ததாக எழுதியிருந்தது. பிச்சைமுத்துவுக்குக் கேட்கட்டும் என்று சத்தமாக வாசித்தான். இரண்டாவது பத்தியில் குரல் இறங்கியது. யானைகளையும் கடலையும் ஒருசேரக் காண ஏற்ற அந்தச் சரிவில் விருந்தினர் பங்களா ஒன்று கட்டவும், விருந்தினர் பாதுகாப்புக்காகப் பங்களாவைச் சுற்றி அகழி வெட்டவும் உத்தரவாகியிருந்தது.

"அகழி வந்துருச்சேடா!" என்றார் பிச்சைமுத்து. "கேட்டது கெடச்சிருச்சு."

நாலாம் நாள் ஞானராஜின் கடிதம். "சங்கிலி பிடித்து அளந்து கல் நட்டுவிட்டார்கள். ஒரு மாதத்துக்குள் கிழங்கைப் பிடுங்கிக்கொள்ளச் சொல்கிறார்கள். முக்கால்வாசி இன்னும் விரல் தடிமன்கூட இல்லை. மல்லன் காணிக்குக் கோபமில்லை. 'அந்தப் பிள்ளை நல்லா எழுதும், இன்னொண்ணு எழுதச் சொல்லுங்க' என்கிறார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை."

அன்று ரத்தினவேல் சாப்பிடவில்லை. அவன் எழுதிய அழகுதான் முப்பது வீட்டு உலையில் கை வைத்திருக்கிறது. அந்த அழகு பொய்யென்று ஆனால்தான் பங்களா வராமல் நிற்கும். அவன் கையெழுத்தோ மேலிடத்துக்குத் தெரிந்துபோன கையெழுத்து. சாயங்காலம் பிச்சைமுத்துவின் மேசைக்கு எதிரே, மனுதாரர்கள் உட்காரும் முக்காலியில் போய் உட்கார்ந்தான்.

"அண்ணே, நீங்கதான் எழுதணும். நான் சொல்றேன்."

பிச்சைமுத்துவுக்கு இந்த நாள் வரும் என்று தெரியாமல் போயிற்றே என்று வருத்தம். தெரிந்திருந்தால் சலவைச் சட்டை போட்டு வந்திருப்பார். பேனாவைத் துடைத்து மைவிட்டுக்கொண்டார்.

"சொல்லுங்க மனுதாரரே. கடல் தெரியுமா?"

"தெரியாது. அது மேகம்."

"யானை?"

ரத்தினவேல் தலை குனிந்தான். "கெடையாது. அந்தச் சரிவுப் பக்கமே வராது."

"கொரங்கு, பறவை?"

"ஒரு காக்காகூட இல்ல."

"வேற என்ன இல்ல?"

"தண்ணி இல்ல, பாதை இல்ல, காத்து இல்ல. அட்டை மட்டும் இருக்கு. அட்டையை ரெண்டு தடவை எழுதுங்க."

"இம்புட்டும் இல்லாத எடத்துக்காடா ரயிலு, மூணு பஸ்ஸு மாறிப் போன?"

"எழுதுங்கண்ணே."

முக்கால் பக்கத்தில் முடிந்தது. கிழங்கைத் தவிர எதற்கும் உதவாத அந்த நிலத்தைக் குடியிருப்புக்கே விட்டுவிடும்படி முதல் வரியிலேயே கேட்டிருந்தார் பிச்சைமுத்து. ரத்தினவேல் அதைப் படித்துப் பார்த்தான். நன்றாகத்தான் இருந்தது. அதுதான் அவனுக்கு வலித்தது.

கைநாட்டு வைத்த கதையை ஞானராஜ் எழுதியிருந்தான். "வாசித்துக் காட்டினேன். குடியிருப்பே சிரித்தது. யானை கிடையாது என்ற இடத்தில் மல்லன் காணி மட்டும் கையைத் தூக்கினார். 'ஆனை இல்லேன்னு எழுதினா அகழி ஆரு தருவா?' என்றார். பிறகு அவரே, 'ஆனை தின்னா மிச்சம் கிடக்கும். பங்களா தின்னா மிச்சம் கிடக்காது' என்று விரலை வைத்துவிட்டார்."

இந்த முறை மேலிடம் இருபது நாளில் பதில் போட்டது. நேரில் பார்க்க வந்த அதிகாரி பாதி வழியில் அட்டை கடித்துத் திரும்பிவிட்டாராம். பங்களா ரத்து. நிலம் குடியிருப்பின் அனுபவத்திலேயே இருக்கலாம். மனுதாரரே ஒப்புக்கொண்டபடி அப்பகுதியில் யானை நடமாட்டம் இல்லாததால், அகழி கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது. அகழி சம்பந்தமாக இனி எந்த மனுவும் ஏற்கப்படமாட்டாது.

ஞானராஜ் அனுப்பிய நகலோடு அவனுடைய துண்டுக் கடிதமும் இருந்தது. "உத்தரவு வந்த மறுநாளே, இல்லாத யானை ரெண்டு வந்து இருபது மூடு மரச்சீனியைத் தின்றுவிட்டுப் போயின. எல்லாரும் முறைபோட்டுப் பரணில் ஏறி டின் தட்டுகிறோம், நானும்தான். சத்தம் கேட்டால் போய்விடுகின்றன. ஆனால் மழையில் டின் எல்லாம் துருப்பிடித்து ஓட்டை. இங்கே கிடைப்பதில்லை. மல்லன் காணி உன்னை வரச் சொன்னார். வரும்போது காலி மண்ணெண்ணெய் டின் கிடைத்தால் கொண்டுவரச் சொன்னார். மனு எதுவும் வேண்டாமாம்."

மறுவாரம் நாலு டின்களைக் கயிற்றில் கோத்துத் தோளில் மாட்டிக்கொண்டு ரத்தினவேல் புதுக்கோட்டை ஸ்டேஷனுக்குப் போனான். ரயில் பெட்டியில் ஏறும்போது நாலும் ஒன்றோடொன்று மோதி ஊரையே எழுப்புவதுபோல் சத்தம் போட்டன. ஜன்னலோரப் பெரியவர் காதைப் பொத்திக்கொண்டார்.

"எங்கிட்டுத் தம்பி போறீங்க, இதைத் தூக்கிக்கிட்டு?"

"மலைக்குங்க. யானை வெரட்ட."

"அங்க யானை இருக்கா?"

ரத்தினவேல் வாயைத் திறந்தான். பனியும் பாறையும் ஆழியும் நாக்கு நுனி வரை வந்தன. பக்கத்து இருக்கைக்காரர்களும் திரும்பிப் பார்த்தார்கள். சர்க்கார் உடுப்புப் போட்ட ஒருவர்கூட அவர்களில் இருந்தார்.

"இல்லைங்க" என்றான். டின்களைக் காலடியில் அடுக்கி, சத்தம் வராமல் கையால் பிடித்துக்கொண்டான்.